ஏழாம் எண்ணுக்கு இரண்டு நாள் விடுமுறை

தென்காசிப் பக்கம் பெண் பிள்ளைக்கு உலகம்மை என்று பெயர் வைப்பது உண்டு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒருத்தி இந்த உலகத்தை விட்டு எப்போது கிளம்பலாம் என்று ஏங்கிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சாவதற்கு இல்லை. ராக்கெட்டில் ஏறிப் போவதற்கு.

ஆசை வந்த இடமும் விசித்திரமான இடம்தான். ஒன்பது வயதில் அவள் கழுத்தில் ஒரு கட்டி. மதுரைக்குக் கூட்டிப்போய்க் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சு வைத்தியத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் அது. அரையடி கனத்தில் கதவு. "அசையாம படுத்துக்கோ பாப்பா" என்று சொல்லிவிட்டு நர்ஸ் வெளியே போய்விடுவாள். அம்மா அதற்கும் வெளியே. தலைக்கு மேல் பெரிய இயந்திரம் குனிந்து பார்க்கும். தனியாகக் கிடக்கிற பிள்ளை பயம் தாங்காமல் தனக்குத் தானே ஒரு பொய் சொல்லிக்கொண்டது. இது ராக்கெட், நான் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். கட்டி கரைந்துவிட்டது. பொய் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

அவளோடு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்த பிள்ளைகளில் பிழைத்து ஊர் திரும்பியது அவள் ஒருத்திதான். "ஏதோ பெரிய காரியத்துக்காகத்தான் கடவுள் இவளை விட்டு வச்சிருக்கான்" என்று தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். சொன்னவர்கள் மறந்துபோனார்கள். அவள் மறக்கவில்லை.

படித்தாள். விண்கலம் செய்கிற நிறுவனத்தில் பொறியாளர் ஆனாள். முப்பத்தொன்பதாவது வயதில், மனிதர்களை மேலே அனுப்ப ஆள் எடுக்கிறோம் என்று அறிவிப்பு வந்தது. நாற்பதுக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஓட்டம்தான். முதல் சல்லடையிலேயே வெளியே விழுந்தாள்.

"சின்ன வயசுலயே உங்க உடம்பு நிறையக் கதிர் வாங்கிருச்சும்மா. மேல போனா இன்னும் வாங்கும். நான் எப்படி அனுப்புவேன்?" என்றார் டாக்டர். நல்ல மனுஷர். அதனால் கோபப்படக்கூட வழியில்லை.

அடுத்த வாரமே அவள் தானாகக் கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு கதிர்ச் சோதனைக்கூடத்துக்குப் போனாள். இவளுக்கு என்ன கிறுக்கா என்று கூட வேலை பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள். நாம் போக முடியாவிட்டால் என்ன, போகிற பொருளுக்குப் பக்கத்திலாவது இருக்கலாமே என்று அவள் நினைத்தாள்.

அங்கே அவளுக்குக் கிடைத்த குரு அவளைவிட ஐந்து வயது சின்னவர். பெயர் ஹாஜிரா, மேலப்பாளையத்துக்காரர். கோபால்ட் மேடம் என்று கூடத்தில் பட்டப்பெயர். ஈயப் பெட்டிக்குள் இருந்து கதிர் வீசுகிற கோபால்ட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பார்கள். பேச்சு மட்டும் செட்டாக வரும். குரு சிஷ்யையை "அக்கா" என்பார். சிஷ்யை குருவை "மேடம்" என்பாள்.

முதல் நாள் ஹாஜிரா கண்ணாடி அலமாரி ஒன்றைக் காட்டினார். உள்ளே நகத்தளவு நினைவகச் சில்லுகள் வரிசையாக இருந்தன.

"இதெல்லாம் போறது" என்றார்.

பிறகு மேஜையைக் காட்டினார். அங்கேயும் அதே மாதிரிச் சில்லுகள், ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்டு.

"இதெல்லாம் போகாதது. நமக்கு இதோடதான் வேலை."

உலகம்மைக்கு முகம் விழுந்துவிட்டது. "ரெண்டும் ஒரே சிலிக்கான் தட்டுல இருந்து வெட்டினதுதானே மேடம்?"

"ஆமாக்கா. கூடப் பொறந்தது."

"பெறகு ஏன் இது போகாது?"

"இதை அடிச்சுப் பாத்தாத்தான் அது எவ்வளவு தாங்கும்னு தெரியும். அடி வாங்கினதை அனுப்ப முடியாது."

அலமாரியில் இருந்த சில்லுகள் ஏறப்போவது வியாழன் கிரகத்தின் பக்கம் போகிற கலத்தில். அந்தப் பக்கமெல்லாம் கதிர் கொட்டிக் கிடக்கிற இடம். அங்கே வருஷக்கணக்கில் வாங்கப்போகிற அடியை இங்கே ஈயப் பெட்டிக்குள் வைத்துச் சில நாட்களில் கொடுத்துவிடுவார்கள். தட்டில் சில்லுகளை வைத்துப் பொத்தானை அழுத்தினால் தட்டு கோபால்ட்டுக்கு நடுவே இறங்கும். வெளியே வந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் அளந்துவிட வேண்டும், ஆறப்போட்டால் பட்ட அடி அளவில் தெரியாமல் போய்விடும். சும்மா இருக்கும்போது அது எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று பார்ப்பார்கள். நல்ல சில்லு சிக்கனமாகக் குடிக்கும். அடி வாங்க வாங்க ஓட்டைக் குழாய் மாதிரி கசியும், ஒரு கட்டத்தில் நின்றுவிடும்.

பத்துச் சில்லுகள் இப்படி அடி வாங்கின. பதினொன்றாவது மட்டும் வாங்கவில்லை. அளக்கிற கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, அடிபடாத ஒன்று வேண்டுமே. ஒவ்வொரு தடவையும் அதையும் எடுத்து அளந்துவிட்டுத் திரும்ப அதன் இடத்தில் வைப்பார்கள். மற்றவை பெட்டிக்குள் போகும்போது அது மேஜையில் சொகுசாக உட்கார்ந்திருக்கும். உலகம்மைக்கு அதைக் கண்டாலே ஆகாது.

முதலில் இரண்டாம் எண் செத்தது. பிறகு ஐந்து, பிறகு ஒன்பது. ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் ஏழாம் எண் மட்டும் மிஞ்சியது. எந்த அடியும் அதை ஒன்றும் செய்யவில்லை. உலகம்மை வேலைக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் அதைத்தான் போய்ப் பார்ப்பாள்.

"மேடம், ஏழாம் நம்பர் இவ்வளவு தாங்குதே. வரம்பை அதுக்கு ஏத்த மாதிரி போட்டா என்ன?"

"குத்தாலத்துக்குக் கூட்டமா நடந்து போறீங்க. யாரு நடைக்கு நடப்பீங்க?"

உலகம்மை யோசித்தாள். "ரொம்ப மெதுவா வர்றவங்க நடைக்கு."

"ரெண்டாம் நம்பர் செத்த இடந்தான் நம்ம வரம்பு. அதுக்கு மேல கதிர் இருக்கிற எடத்துக்குக் கலத்தை அனுப்பக் கூடாதுன்னு எழுதிருவோம்."

"அப்ப ஏழாம் நம்பர்?"

"அது சொல்றதை வச்சு ஒண்ணும் எழுத முடியாதுக்கா."

அன்று சாயங்காலம் உலகம்மைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சில்லுக்காக ஒரு மனுஷி பட்டினி கிடப்பாளா என்று கேட்டால், அவள் சில்லுக்காகவா கிடந்தாள்?

அந்த வெள்ளிக்கிழமை ஹாஜிரா ஊரில் இல்லை, கூட்டத்துக்காகப் பெங்களூரு போயிருந்தார். உலகம்மை தனியாக ஏழாம் எண்ணை உள்ளே இறக்கினாள். கம்பி வழியாக வருகிற எண்கள் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. கடைசிக் கட்டத்தில் மின்சாரம் ஏற ஆரம்பித்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறுகிற மாதிரி. தட்டு மேலே வந்தது. ஏழாம் எண்ணை எடுத்தாள். அளக்கிற மேஜைக்குக் கொண்டுபோகவில்லை. ஒரு மூடி போட்டு, வெதுவெதுப்பான அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலையில்தான் அளந்தாள். அளவுகள் பதினொன்றாம் எண்ணின் அளவுகளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதே காலையில் கலத்தைக் கோர்க்கிற பிரிவிலிருந்து பொன்னுரங்கம், ஊர் திரும்பியிருந்த ஹாஜிராவிடம் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். பற்றவைக்கும்போது ஒரு சில்லின் கால் ஒடிந்துவிட்டது. உபரியாக இருந்ததும் முன்பே வீணாகியிருந்தது. அலமாரியில் இருப்பவை ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே இடம் குறித்தாயிற்று. புதிதாகச் செய்து வாங்குவதற்குள் வியாழன் கிரகம் தள்ளிப் போய், கலம் கிளம்புகிற நாள் தவறிவிடும்.

"மேடம், உங்க சாம்பிள்ல அடிபடாதது ஒண்ணு இருக்கும்லா? அதை ஒரு தடவை சரிபார்த்துக் கொடுத்தீங்கன்னா பொழைச்சுக்கிடுவேன்."

"மத்தியானம் வாங்க சார். சொல்லுதேன்" என்றார் ஹாஜிரா.

அவர் போனதும் உலகம்மை வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பதினொண்ணாம் நம்பரைக் கொடுக்காதீங்க மேடம். ஏழாம் நம்பரைக் கொடுங்க."

"ஏன்க்கா?"

"பதினொண்ணு என்ன செஞ்சுச்சு? ஒக்காந்து வேடிக்கை பாத்துச்சு. மேல போனா என்ன ஆகும்னே அதுக்குத் தெரியாது. இது எல்லாத்தையும் வாங்கிட்டு நிக்கு. போறதுக்கு இதைவிடத் தகுதி எதுக்கு இருக்கு?" வரைபடத்தை மேஜையில் விரித்தாள். "நீங்களே பாருங்க. ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு."

ஹாஜிரா நிதானமாகப் பார்த்தார்.

"அழகா வந்திருக்கு. எப்ப அளந்தீங்க?"

"இன்னைக்குக் காலையில."

"உள்ள இருந்து எடுத்தது?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்."

"ஒரு மணி நேரத்துக்குள்ள அளக்கணுமே அக்கா."

"தெரியும் மேடம்."

"பெறகு?"

"ரெண்டு நாள் விட்டுட்டேன்."

"ஏன்?"

உலகம்மை தரையைப் பார்த்தாள். "எனக்கு விட்டாங்க."

ஹாஜிரா வரைபடத்தை மடித்து வைத்தார்.

"திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் கரண்ட் வைப்பாங்க. சனி ஞாயிறு கிடையாது. உடம்பு கொஞ்சம் தேறட்டும்னு விடுவாங்க. வெள்ளிக்கிழமை இதைப் பாத்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. அளக்க மனசு வரலை."

இந்தக் கூடத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ தப்பு செய்திருக்கிறார்கள். ஒரு சில்லுக்கு வார விடுமுறை கொடுத்த ஆள் இவள்தான். ஹாஜிரா சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை.

"அந்த ரெண்டு நாள் எப்படி இருக்கும்க்கா?"

"சனிக்கிழமை படுத்தே கிடப்பேன். ஞாயித்துக்கிழமை இட்லி உள்ள போகும். அம்மா தலைக்கு எண்ணெய் தேய்க்க வரும். முடி எங்க இருந்துச்சு, சும்மா தடவிக் கொடுக்கும். சாயங்காலம் ஆனா எனக்கு எல்லாம் சரியாப் போச்சுன்னு தோணும்."

"திங்கக்கிழமை?"

"திரும்பக் கூட்டிட்டுப் போவாங்க."

ஹாஜிரா எழுந்தார். இடுக்கியால் ஏழாம் எண்ணை எடுத்து உலகம்மையிடம் நீட்டினார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை உள்ள வைங்க. வெளிய வந்ததும் சேந்து அளந்திருவோம். இதே மாதிரி நின்னுச்சுன்னா நான் கையெழுத்துப் போடுதேன். பதினொண்ணு இங்க இருக்கட்டும். ஏழாம் நம்பர் வியாழனுக்குப் போகட்டும்."

உலகம்மை அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை அது. சொன்னால் செய்கிறவர்தான்.

ஏழாம் எண்ணைத் தட்டில் வைத்தாள். கம்பிகளைச் சேர்த்தாள். மூடியைப் போட்டாள். பொத்தான் மேல் விரலை வைத்தாள்.

இதே பொத்தானை எத்தனையோ தடவை அழுத்தியிருக்கிறாள். இன்று விரல் இறங்கவில்லை. கதவுக்கு வெளியே நின்ற அம்மா தினமும் எப்படி நின்றாள் என்று அவளுக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. அம்மா அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. இவளும் கேட்டதில்லை. இனிமேல் கேட்கவும் முடியாது, அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன.

வெளியே யாரோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அதுவும் ஓய்ந்தது.

"என்னக்கா?"

"வேண்டாம் மேடம்."

"ஏன்?"

"செத்துப்போயிரும்."

"நல்லாத்தானே இருக்கு. நீங்கதானே அளந்தீங்க."

"செத்துப்போயிரும் மேடம். எனக்குத் தெரியும்."

"மேல போனா?"

மேலே மூடியைத் திறந்து வெளியே எடுக்க ஆள் கிடையாது. சனி ஞாயிறும் கிடையாது. கலத்துக்குள் எத்தனையோ பேருடைய பல வருஷத்து உழைப்பு உட்கார்ந்திருக்கும். அது நின்றுபோகிற நாளில் அத்தனையும் நின்றுபோகும். இதெல்லாம் வெள்ளிக்கிழமையே அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் மூடி போட்டு வைத்தாள்.

விரலை எடுத்தாள். கம்பிகளைக் கழற்றினாள். ஏழாம் எண்ணை மெல்ல எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். ஹாஜிரா போய்ப் பதினொன்றாம் எண்ணை ஒன்றுக்கு இரண்டு தடவை அளந்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் பொன்னுரங்கம் வந்தார். பதினொன்றாம் எண்ணை உறையில் போட்டுக் கொடுத்தது உலகம்மைதான். பொறாமையாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? பச்சைப் பிள்ளை மாதிரிப் பொறாமைப்பட்டாள். அவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காற்றாகப் பறந்துவிட்டார்.

கூடத்தில் இரண்டு பேரும் மிஞ்சினார்கள்.

"இதை என்ன செய்யணும் மேடம்?"

"பெட்டியில வைக்கணும்க்கா. மத்ததோட."

"மத்ததெல்லாம் செத்தது."

"ஆமா."

"ரெண்டாம் நம்பர் செத்துச்சு, வரம்பு கெடைச்சுச்சு. பதினொண்ணு சும்மா இருந்துச்சு, அது போகுது. ரெண்டுக்கும் ஒரு அர்த்தம் இருக்கு. இது அவ்வளவையும் தாங்கிட்டு எதுக்கும் ஆகலையே மேடம்."

"ஆகலைதான்."

ஹாஜிரா நாற்காலியை இழுத்துப் போட்டு உலகம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

உலகம்மை கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"எனக்கு இன்னும் போகணும்னுதான் இருக்கு மேடம். டாக்டர் சொன்ன பெறகும் இருக்கு. நாப்பது வரப்போகுது, சொல்லவே வெக்கமா இருக்கு. ராத்திரி படுத்தா மேல கூரை தெரியாது. கிளம்புற மாதிரிதான் இருக்கும்."

"தெரியும்க்கா."

"போயிருவேன், போயிருவேன்னுதான் இத்தனை வருஷம் இருந்தேன். என்கூட பெஞ்சுல ஒக்காந்திருந்த பிள்ளைங்க ஒருத்தர் கூட இல்லை. பிரேமான்னு ஒருத்தி, எனக்கு மிட்டாய் கொடுப்பா. அவளும் இல்லை. பெரிய காரியத்துக்குத்தான் என்னைய விட்டு வச்சிருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். போகவும் முடியாதுன்னா நான் எதுக்கு மேடம் பொழைச்சேன்?"

ஹாஜிரா அவள் கையை விரித்தார். ஏழாம் எண்ணைப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அதை அவள் கைக்குள்ளேயே மூடினார்.

"பொழைச்சதுக்கு வேலை வேற பாக்கணுமாக்கா?"